படலை பூட்டிக் கிடந்தது

நண்பர் ஒருவர் ஒரு வேர்ச்சுவல் டிஸ்க் கோப்பைத் தந்தார். அதற்குள் விண்டோஸ் எக்ஸ்பி, பேஜ்மேக்கர், பாமினி எழுத்துருவில் தட்டச்சான ஒரு பழைய சஞ்சிகையின் இதழ்கள். அச்சுப் பிரதிகள் இடம்பெயர்வுகளோடை போய்விட்டன, அவருடைய கொம்பியூட்டரும் பழுது. மிஞ்சினது இந்த ஒரு கோப்புத்தான்.

உபுண்டு லப்டொப்பின் டவுன்லோட்ஸ் போல்டருக்குள் அதைப் போட்டு விர்ட்-மெனேஜரில் திறந்தோம். 'அனுமதி மறுக்கப்பட்டது' எண்டு வந்தது. கோப்பு எங்கடை, லப்டொப்பும் எங்கடை. மறுக்கிறது ஆர்?

கோப்புக்கு சிமோட் 777 குடுத்தோம். அசையவில்லை. ஆத்திரத்தில் ஹோம் போல்டர் முழுவதுக்கும் அதையே குடுத்தோம். எக்ஸ்பி எழும்பியது, நாங்களும் துள்ளினோம். அடுத்த நாள் எங்கடை சேர்வருக்குள் போகமுடியவில்லை. சாவிக் கோப்பை ஆரும் வாசிக்கலாம் எண்ட நிலையில் விட்டிருந்ததால், எஸ்எஸ்எச் அந்தச் சாவியை ஏற்க மறுத்துவிட்டது.

பிறகுதான் ஆறுதலாக இருந்து பார்த்தோம். வேர்ச்சுவல் மெஷினை ஓட்டுவது நாங்கள் இல்லை. உபுண்டுவில் 'லிப்விர்ட்-கியூஎம்யூ' எண்ட தனிப் பயனரின் பெயரில்தான் அது ஓடுகிறது. மெஷின் எழும்பும்போது டிஸ்க் கோப்பின் உரிமையை லிப்விர்ட் தானே அந்தப் பயனருக்கு மாற்றிவிடும். ஆகவே சிக்கல் பெரும்பாலும் கோப்பில் இல்லை, கோப்புக்குப் போகிற வழியில். வழியிலுள்ள ஒவ்வொரு போல்டரிலும் அந்தப் பயனருக்கு 'எக்ஸ்' அனுமதி, அதாவது கடந்துபோகும் அனுமதி, வேணும். உபுண்டு 21.04 இலிருந்து புதிய ஹோம் போல்டர்களின் அனுமதி 750. மற்றவர்களுக்குப் படலையே பூட்டு. நாங்களோ அறைக்கதவைத் திறந்துவைத்துவிட்டு ஏன் ஆரும் வரேல்லை எண்டு நிண்டோம்.

'நேம்ஐ' கட்டளையை 'எல்' தெரிவோடு ஓட்டினால், வழியிலுள்ள ஒவ்வொரு போல்டரின் அனுமதியும் வரிசையாகத் தெரியும். எங்கே மறிக்குது எண்டு ஒரு நிமிடத்தில் பிடிபடும். ஹோமை 750க்கும் சாவியை 600க்கும் திருப்பினோம். டிஸ்க்கை லிப்விர்ட்டின் சொந்த இமேஜஸ் போல்டருக்கு மாற்றினோம். ஹோமிலேயே வைக்க வேணுமெண்டால், 'செட்எஃப்ஏசிஎல்' மூலம் அந்த ஒரு பயனருக்கு மட்டும் 'எக்ஸ்' குடுக்கலாம். வழி சரியாக இருந்தும் மறுத்தால், உபுண்டுவில் அப்ஆர்மரின் லொக்கையும் ஃபெடோராவில் எஸ்இலினக்ஸின் லொக்கையும் பாருங்கோ. அவற்றை நிற்பாட்டிப்போடாதேங்கோ.

இப்ப யோசிச்சால் வெட்கம்தான். அந்தப் பாதையில் அனுமதி இல்லை, சரிசெய்யவா எண்டு விர்ட்-மெனேஜர் முதலிலேயே கேட்டது. வாசிக்காமல் 'இல்லை' எண்டு அமத்தினது நாங்கள். இன்னொரு வெட்கமும் இருக்கு. இந்த விளையாட்டெல்லாம் இருந்த ஒரே பிரதியில். முதலில் ஒரு கொப்பி எடுத்திருக்க வேணும்.

இப்ப மூன்று இருக்கு.