மனிதரைக் கல்லாத மந்திரவாதி

தென்காசியில் பாட்டி சொன்ன விக்கிரமாதித்தன் கதையில் என்னை மிகவும் சிந்திக்க வைத்தவன் மந்திரவாதிதான். அளவற்ற ஆற்றல் பெற மன்னனையே பலியிட நினைத்தான். "விழுந்து வணங்கு" என்றான். வேதாளத்தின் எச்சரிக்கை பெற்றிருந்த மன்னனோ, "சுவாமி, எப்படியென்று தாங்களே காட்டுங்கள்" என்றான். மந்திரவாதி குனிந்தான், தலை உருண்டது!

1951-இல் வெளிவந்த 'பாதாள பைரவி' படத்திலும், ரங்காராவ் நடித்த நேபாள மந்திரவாதி, பலியிட அழைத்து வந்த வீரன் கையாலேயே பலியானான்.

இருவரும் மந்திரம் கற்றனர், மனிதரைக் கற்கவில்லை. உதவ வந்தவனைப் பலியாடாக எண்ணியதே அவர்தம் மடமை.

நண்பர்களே! நாளை பதவிகளை நாடப் போகிறவர்கள் நாம். எனக்கும் அந்த ஆசை உண்டு. குற்றாலப் பேரருவியின் கீழே ஆண்டியும் அதிகாரியும் ஒன்றாகவே தலை குனிகின்றனர். அந்தப் பணிவோடு, பிறரைப் பலியிடாமல் பெறும் பதவியே பெருமை!