மஞ்சள் வளையமும் ஒரு மிதிவண்டி அழைப்பும்

2009-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17-ஆம் நாள், உலகின் தலைசிறந்த மிதிவண்டிப் பந்தய வீரர் என்று அன்று போற்றப்பட்ட அமெரிக்கர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங், ட்விட்டர் வாயிலாக இரண்டு வரிச் செய்தியொன்றை வெளியிட்டார். நாளை ஸ்காட்லாந்தின் க்ளாஸ்கோ நகர்ப் பக்கம் வருகிறேன், என்னோடு சைக்கிள் ஓட்ட யார் வருகிறீர்கள் என்பது அதன் சாரம். மேடை இல்லை, வரவேற்புக் குழு இல்லை, நுழைவுக் கட்டணமும் இல்லை. பத்துப் பன்னிரண்டு பேர் வரக்கூடும் என்றுதான் அவரே எண்ணியிருந்தாராம். மறுநாள் க்ளாஸ்கோவை அடுத்த பெய்ஸ்லி நகரில், மழையையும் பொருட்படுத்தாமல் 200-க்கும் மேற்பட்டோர் தத்தம் மிதிவண்டிகளுடன் வந்து நின்றனர். அதே மாதத்தில் அயர்லாந்தின் தலைநகரான டப்ளினிலும் அவ்வாறே அழைப்பு விடுத்தார். அந்நாட்டுக் குடியரசுத் தலைவரின் மாளிகை அமைந்திருக்கும் ஃபீனிக்ஸ் பூங்கா 700 ஹெக்டேருக்கும் அதிகமான பரப்புடையது. அங்கே அன்று திரண்டவர்கள் ஆயிரத்துக்கும் மேல்.

வாசக நேயர்களே! இதில் என்ன வியப்பு என்று நீங்கள் கேட்கலாம். புகழ் பெற்றவர் எங்கே போனாலும் கூட்டம் கூடத்தானே செய்கிறது? ஆனால் கூடி நின்று பார்ப்பது வேறு, கூடவே செல்வது வேறு. கிரிக்கெட் வீரரைக் காண நாம் சேப்பாக்கத்துக்குச் சென்றால், கம்பி வேலிக்கு இப்புறம் நிற்கிறோம். மிதிவண்டிப் பந்தயத்துக்கோ ஊர்ச் சாலையே மைதானம். காய்கறிப் பையைக் கைப்பிடியில் தொங்கவிட்டுக்கொண்டு வருகிறவரும் அதே சாலையில்தான் வருகிறார்.

இன்னொன்றும் உண்டு. மிதிவண்டி ஓட்டுகிறவனுக்குச் சமதளச் சாலையில் பெரும் எதிரி காற்றுத் தடை. முன்னால் செல்பவரின் பின்சக்கரத்தை ஒட்டிச் சென்றால், அந்தத் தடையின் பெரும்பகுதியை முன்னவர் தாங்கிக்கொள்ள, பின்னவருக்கு மூன்றில் ஒரு பங்கு வரை உழைப்பு மிச்சமாகும். பந்தய வீரர்கள் கூட்டமாகச் செல்வதும், முறை வைத்து முன்னணிக்கு மாறுவதும் இதனால்தான். பெய்ஸ்லியில் அந்த மனிதரின் பின்னால் சென்ற தச்சரும் பள்ளி மாணவனும், சிறிது தூரமேனும் அவர் உடைத்த காற்றில் சென்றார்கள் என்றே நான் நினைத்துக்கொள்கிறேன்.

வந்தவர்களில் பலருக்கு அவர் பந்தய வீரர் மட்டுமல்லர். 1996 அக்டோபரில், தமது 25-ஆம் வயதில், ஆம்ஸ்ட்ராங்குக்குப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. நுரையீரலுக்கும் மூளைக்கும் அது பரவியிருந்தது. அறுவையும் மருந்தும் தாங்கி மீண்டவர், 1997-இல் புற்றுநோயாளிகளுக்காக ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். பிரான்ஸ் நாட்டைச் சுற்றி மூன்று வாரம் நடைபெறும் ‘டூர் டி பிரான்ஸ்’ பந்தயத்தில் 1999 முதல் 2005 வரை தொடர்ந்து ஏழு முறை முதலிடம் பெற்றார். அப்பந்தயத்தில் முன்னணியில் இருப்பவர் அணியும் சட்டையின் நிறம் மஞ்சள். அதே நிறத்தில் 2004-இல் அறக்கட்டளை வெளியிட்ட ரப்பர் கைவளையம் ஒரு டாலருக்கு விற்றது. கோடிக்கணக்கானோர் வாங்கி அணிந்தனர். டப்ளினுக்கு அவர் வந்ததுகூட அறக்கட்டளையின் புற்றுநோய் மாநாட்டை ஒட்டித்தான்.

அவ்வளையங்களுள் ஒன்று சாந்தோமில், என் அக்காவின் கணவர் கையிலும் இருந்தது.

மச்சானுக்குக் கச்சேரி சாலையில் தையற்கடை. 2006-இல் குடலில் புற்றுநோய் என்றார்கள். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் ஓராண்டுக்கு மேல் சிகிச்சை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் குடிசைகள் போன்ற சிறு கட்டடத்தில் தொடங்கி, டாக்டர் சாந்தா தம் வாழ்நாளையே கொடுத்து வளர்த்த நிறுவனம் அது. எங்கள் குடும்பத்தில் எவரும் அவ்வாசலைக் கடக்கும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வோம். உடல் தேறியதும் மச்சான் முதலில் கேட்டது தம் பழைய பி.எஸ்.ஏ. சைக்கிளைத்தான். அக்கா அதன் சாவியை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்தார். துபாயிலிருந்த மகன் 2008-இல் அந்த மஞ்சள் வளையத்தையும், ஆம்ஸ்ட்ராங்கின் கதையைத் தொலைபேசியிலும் அனுப்பிவைத்த பிறகுதான் சாவி வெளியே வந்தது.

டப்ளின் செய்தியை நாங்கள் செய்தித்தாளில் படித்தது ரமலான் மாதத்தில். நோன்பு திறந்து, கஞ்சிக் கோப்பையை வைத்துவிட்டு மச்சான் கேட்டார்: “தம்பி, பெரிய ஆள் கூப்பிட்டால் ஆயிரம் பேர் வருகிறார்கள். தையற்காரன் கூப்பிட்டால் எத்தனை பேர் வருவார்கள்?”

அதைத் தொடர்ந்து அவர் சொன்ன பழங்கதை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. நாற்பது வயதைக் கடந்த வாசகர்கள் பலரும் தம் ஊர்களில் கண்டிருப்பீர்கள்: திடலின் நடுவே கம்பம் நட்டு, குழல்விளக்கும் ஒலிபெருக்கியும் கட்டி, ஒரு சைக்கிள் வீரர் ஏழு நாள் இரவும் பகலும் கீழே இறங்காமல் சுற்றுவார். உண்பது, குளிப்பது, முகம் மழிப்பது எல்லாம் வண்டி மேலேயே. ஊரார் ரூபாய் நோட்டை அவர் சட்டையில் ஊசியால் குத்தி மகிழ்வார்கள். மச்சானுக்குப் பதின்மூன்று வயதிருக்கும்போது அப்படி ஒருவர் அவர்களூருக்கு வந்திருக்கிறார். இரவில் ஊர் அடங்கியதும் அந்த ஆள் இறங்கித் தூங்கிவிடுகிறான் என்று ஒரு பேச்சு. உண்மையைக் கண்டுபிடித்துவிடுவது என்று நான்கு சிறுவர்கள் பின்னிரவில் திடலுக்குப் போய்ப் பதுங்கியிருந்தார்களாம். விளக்குகள் அணைந்திருந்தன. அரை இருட்டில், கண் பாதி மூடிய நிலையில், அந்த மனிதர் சுற்றிக்கொண்டே இருந்தாராம். பக்கத்தில் ஓர் உதவியாள், தோளில் கை வைத்தபடி நடந்துகொண்டிருந்தான். “எங்களுக்கு வெட்கமாகப் போய்விட்டது. மறுநாள் வாடகை சைக்கிள் எடுத்து, அவர் கூடவே ஒரு மணி நேரம் சுற்றினோம். ஒருவரும் கூப்பிடவில்லை, நாங்களாகப் போனோம்” என்றார் மச்சான்.

நோன்புப் பெருநாள் கழிந்து, அக்டோபர் மாதத்தின் முதல் ஞாயிறு. சுபுஹுத் தொழுகை முடித்து, சாந்தோம் தேவாலயத்துக்கு எதிர்ப்புறம் போய் நின்றோம். தேநீர்க் கடையிலும் பள்ளிவாசலிலும் தையற்கடையிலுமாக ஒரு வாரம் சொல்லியிருந்தார். வந்தவர்கள் எங்களையும் சேர்த்து ஒன்பது பேர். கேரியரில் மீன் கூடையுடன் நொச்சிக்குப்பத்து மீனவர் ஒருவர். காலைத் திருப்பலிக்கு முன்னதாக வந்துவிட்ட ஓய்வுபெற்ற ஆசிரியர். தாள் போட்டு முடித்த பையன். ஒரே சைக்கிளில் இரண்டு சிறுவர்கள். இன்னும் இருவரை எனக்கு அன்று தெரியாது. மச்சானுக்குச் சற்று ஏமாற்றம்தான். காட்டிக்கொள்ளவில்லை.

பட்டினப்பாக்கம் வழியாகச் சென்று திரு.வி.க. பாலத்தில் ஏறியபோது ஆற்றின் மேலிருந்து வீசிய காற்றில் மச்சானுக்கு மூச்சு வாங்கத் தொடங்கிற்று. இறங்குங்கள் என்று நான் சொல்வதற்குள், அந்த மீனவர் ஒன்றும் பேசாமல் தம் வண்டியை மச்சானுக்குச் சற்று முன்னால், காற்று வரும் பக்கமாகக் கொண்டுவந்து வைத்துக்கொண்டார். கடலில் காற்றறிந்தவர், பந்தய நூல் எதுவும் படித்தவரல்லர். பாலத்தின் மறுமுனை வரை அப்படியே அழைத்துச் சென்றார்.

பெசன்ட் நகர்க் கடற்கரை வரை போவதாகத் திட்டம். ஆனால் மச்சான் அடையாற்றில் காந்தி நகருக்குள் திரும்பி, மருத்துவமனை வாசலில் கால் ஊன்றினார். நடைபாதையில் நோயாளிகளின் உறவினர்கள் அப்போதுதான் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் தேநீர் குடித்தோம். வேலூர்ப் பக்கத்து இளைஞர் ஒருவர், தாயைச் சேர்த்துவிட்டு மூன்று வாரமாக அங்கே இருப்பவர், மச்சானின் வளையத்தைப் பார்த்து இது என்ன என்று விசாரித்தார். மச்சான் அமெரிக்கரின் கதையைச் சொல்லவில்லை. தம் வயிற்றைத் தொட்டுக் காட்டி, “எனக்கு இங்கேதான் சரியாயிற்று” என்றார். அந்த இளைஞர் மச்சானின் சைக்கிளை வாங்கி, தெருக்கோடி வரை ஒரு சுற்றுப் போய் வந்தார்.

மாதத்தின் முதல் ஞாயிறு என்பது அதன்பின் வழக்கமாகிவிட்டது. 2012-க்குள் இருபது பேர் வரை சேர்ந்தார்கள். தலைக்கவசமும் கியர் வண்டியும் வைத்திருக்கும் கணினித் துறை இளைஞர்களும் வரத் தொடங்கினார்கள்.

அந்த ஆண்டு அக்டோபரில் செய்தி வந்தது. அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட ஆதாரங்களை வெளியிட்டது. 26 பேரின் சாட்சியம். அவர்களுள் 11 பேர் ஆம்ஸ்ட்ராங்கின் முன்னாள் அணித் தோழர்கள். 1998 ஆகஸ்ட் முதல் அவர் பெற்ற வெற்றிகள் யாவும் நீக்கப்பட்டன. டூர் டி பிரான்ஸ் பட்டியலில் அந்த ஏழு ஆண்டுகளுக்கு வெற்றியாளர் இல்லை. இரண்டாமிடம் பெற்றவருக்கும் அது வழங்கப்படவில்லை. 2013 ஜனவரியில் ஓப்ரா வின்ஃப்ரேயின் தொலைக்காட்சி நேர்காணலில் அவரே ஒப்புக்கொண்டார். அதுகாறும் எத்தனையோ பரிசோதனைகளில் தாம் தேறியதாகச் சொல்லி வந்தவர் அவர். சோதனைக் குழாய் காட்டித் தராததைக் கூட இருந்தவர்களின் வாக்குமூலம் காட்டித் தந்தது.

எங்கள் வீட்டிலும் அதைப் பற்றிப் பேச்சு எழுந்தது. எல்லாரும்தான் மருந்து போட்டுக்கொண்டார்கள், இவர் மட்டுமா என்றான் துபாயிலிருந்து வந்திருந்த மருமகன். அந்தக் காலப் பந்தய உலகைப் பற்றி அது பெருமளவு உண்மையும்கூட. மச்சான் அதைக் கேட்டுக்கொண்டார். அவரை உறுத்தியது வேறொன்று. எம்மா ஓ’ரைலி என்னும் பெண்மணி ஆம்ஸ்ட்ராங்கின் அணியில் உடல் பிடித்துவிடும் பணியில் இருந்தவர். 1999 பந்தயத்தில் மருந்துச் சீட்டுக்கு முன்தேதியிட்டு மூடி மறைத்ததை அவர் 2004-இல் வெளியான ஒரு நூலுக்காக வெளிப்படையாகச் சொன்னார். அதற்காக ஆம்ஸ்ட்ராங் அவர்மீது வழக்குத் தொடுத்தார். அவருடைய ஒழுக்கத்தையே இழித்துப் பேசினார். அந்த எம்மா பிறந்து வளர்ந்தது டப்ளினில். ஆயிரம் பேர் அவர் பின்னால் திரண்டார்களே, அதே டப்ளின்.

“ஊசி போட்டது அவன் உடம்போடு போகட்டும், தம்பி. சம்பளத்துக்கு வந்த பெண். உண்மையைச் சொன்னாள். அவளை இப்படியா பேசுவது? அவளுக்கும் அண்ணன் தம்பி இருப்பார்களே” என்றார் மச்சான். ஆம்ஸ்ட்ராங் பிறகு அப்பெண்மணியிடம் மன்னிப்புக் கேட்டார் என்பதைச் சில மாதங்கள் கழித்து நான் படித்துச் சொன்னேன். மச்சான் தலையசைத்தார், வேறொன்றும் சொல்லவில்லை.

வளையத்தை அவர் கழற்றியது அந்த வாரம்தான். மணிக்கட்டில் அந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது. என் மருமகள், மச்சானின் கடைக்குட்டி, விடவில்லை: “வாப்பா, நீங்கள் கொடுத்த ஒரு டாலர் நோயாளிகளுக்குத்தானே போயிருக்கும்? அதற்காகவாவது போட்டுக்கொள்ளலாமே.” மச்சானிடம் அதற்கு விடை இல்லை. எனக்கும் இன்றுவரை இல்லை. அவருடைய அறக்கட்டளையிலிருந்து அவரே விலகிக்கொள்ள நேர்ந்தது. அறக்கட்டளை அவர் பெயரை நீக்கிவிட்டு, நோயாளிகளுக்கான பணியைத் தொடர்ந்தது. மழையில் நனைந்த பெய்ஸ்லிக்காரர்களைப் பற்றியும் நான் யோசிப்பதுண்டு. அவர்கள் மிதித்தது தங்கள் கால்களால்தானே? அந்தப் பிற்பகலை அவர்கள் என்ன செய்வார்கள்? ஏமாந்தோம் என்று தூக்கி எறிந்தவர்களும் இருக்கலாம். எறிய மனம் வராதவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஞாயிறு ஓட்டம் மட்டும் நிற்கவில்லை. அந்த நவம்பரில் மழையினால் ஆறே பேர் வந்தோம், மச்சான் வந்திருந்தார். 2018-இல் அவர் காலமானார், நோயினால் அன்று, உறக்கத்தில். கடையைக் காலி செய்தபோது பொத்தான் டப்பாவுக்குள் அந்த மஞ்சள் வளையம் கிடைத்தது. இப்போது அது மருமகளிடம் இருக்கிறது. அணிவதில்லை.

சென்ற மாதம் புதிதாக வந்த கல்லூரி மாணவன் ஒருவன், சங்கிலியைச் சரிசெய்து கொண்டிருந்த என்னிடம் கேட்டான்: “அங்கிள், முன்பு யாரோ பெரிய வெளிநாட்டு ரேஸ் வீரர் சாந்தோமுக்கு வந்து இதை ஆரம்பித்து வைத்தாராமே?”

“இல்லை தம்பி, கச்சேரி சாலைத் தையற்காரர்” என்றேன். மேலும் சொல்லலாம் என்று நிமிர்வதற்குள், மற்றவர்கள் பட்டினப்பாக்கத்தைத் தாண்டிவிட்டார்கள். அவனும் ஏறி மிதித்துவிட்டான்.