வண்டிய யாரு பாத்துக்கறது?

நெடுந்தூரப் பயணத்தில் பகல்களைத் திட்டமிட வேண்டியதில்லை, ரோடே பார்த்துக்கொள்ளும். இரவுகளைத்தான் திட்டமிட வேண்டும். அயனம்பாக்கத்தில் பைபாஸ் ஏறி, புழல் பக்கம் நெல்லூர் ரோட்டைப் பிடித்தால் நாக்பூர் சுமார் 1,100 கிலோமீட்டர். ஒரு நாளைக்கு 350-ஐத் தாண்டக்கூடாது என்று வைத்துக்கொண்டேன். ஓங்கோல், ஹைதராபாத், அதிலாபாத் என்று மூன்று இரவுகள். அப்பாவுக்கு முழங்கால் வலி, அதனால் கீழ்த்தள ரூம். வண்டி நிறுத்த காம்பவுண்டுக்குள்ளேயே இடம். கேன்சல் செய்தால் பணம் திரும்ப வரவேண்டும். எல்லாம் எக்செல்லில் ஏறியது.

அப்பா இதே ரோட்டில் முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். அம்பத்தூர் எஸ்டேட்டில் லோடு ஏற்றி நாக்பூரில் இறக்குவார். அவரிடம் வேறு பட்டியல் இருந்தது. வெளிச்சமான பெட்ரோல் பங்க்கா பாத்து, கேட்டுட்டு நிறுத்து. நாலு லாரி நிக்கிற எடத்துல அஞ்சாவதா நில்லு. வண்டி மூஞ்சி ரோட்டப் பாத்து இருக்கணும், எதுனா ஒண்ணுன்னா ரிவர்ஸ் எடுக்க நேரம் இருக்காது. டீசல் டேங்க் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் தலை வெச்சுப் படு.

நாக்பூருக்கு வடக்கே பென்ச் காட்டுப்பக்கம் ஒரு ராத்திரி டென்ட்டில் தங்க எனக்கு ஆசை. புலிகள் காப்பகத்துக்குள் நினைத்த இடத்தில் கூடாரம் போட முடியாது. வெளியே காசு கட்டித் தங்கும் இடங்கள்தான். வாடகையைப் பார்த்துவிட்டு அப்பா சிரித்தார். "வெட்டவெளியில படுக்கறதுக்கா பாப்பா இவ்ளோ காசு?" வெயில் காலம் முழுக்க லோடு மேல் தார்ப்பாய் விரித்துப் படுத்தவர். எனக்கு விடுமுறையாகத் தெரிகிற வானம் அவருக்கு வேலை நேரம். டென்ட்டை நீக்கிவிட்டேன்.

கடைசி சில வருஷம் டூரிஸ்ட் வேன் ஓட்டினார். வந்தவர்கள் லாட்ஜில், அவர் வேனில். விருந்தினர்களின் ஓட்டுநர்களுக்குத் தங்குமிடமும் கழிப்பறையும் விடுதிகளில் இருக்க வேண்டும் என்று தமிழக அரசு விதியைத் திருத்தியது 2023-இல். லாரி கேபினுக்கு ஏசி கட்டாயமானது, 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் வண்டிகளுக்கு. இரண்டுமே அவர் ஸ்டியரிங்கை விட்ட பிறகு வந்தவை.

ரெண்டு கட்டில் போட்ட ரூம் என்றதும் அவர் பதறினார். "எனக்கு எதுக்கு? வண்டிய யாரு பாத்துக்கறது?"

சமாதானம் சொல்லிப் பயனில்லை. எக்செல்லில் இன்னொரு கட்டம் சேர்த்தேன்: வாட்ச்மேன். ஒவ்வொரு லாட்ஜுக்கும் போன் போட்டேன். ஹைதராபாத்தில் ராத்திரி முழுக்க கேட்டிலேயே ஒருவர் இருப்பாராம். அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்:

"அந்த ஆளு எங்க படுப்பாராம்?"

மறுபடி போன் போட்டேன். பகலில் மாடிப்படிக்குக் கீழே ஒரு பெஞ்ச் இருக்கிறதாம்.