அம்மாவின் கண்ணில் கண்ட மஞ்சள்

அம்மாவுக்குக் காசநோய் என்று தெரிந்தபோது நெஞ்சைப் பற்றித்தான் எல்லோருக்கும் கவலை. ஈரலை நாங்கள் யாரும் நினைக்கவில்லை.

முருங்கனில், கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்து எங்களை வளர்த்தவர் அம்மா. இருமல் வாரக்கணக்கில் நிற்காததால் சளியைச் சோதித்தார்கள். ஆறு மாத மருந்து என்றார்கள். முதல் 2 மாதம் நான்கு மருந்துகள், பின்னர் 4 மாதம் இரண்டு. "சிறுநீர் சிவப்பாகப் போகும், பயப்படாதேங்கோ. அது றிபாம்பிசினின் நிறம்" என்று தாதி முதலிலேயே சொல்லியிருந்தார்.

நான்காவது வாரம் அம்மாவுக்குச் சோறு வேண்டாம் என்றாயிற்று. ஓங்காளம், சோர்வு. வெயில்தான் காரணம் என்று கஞ்சி காய்ச்சிக் கொடுத்தேன். உடம்பு உழைகிறது என்றபோது பனடோலும் கொடுத்தேன். சிறுநீர் தேயிலைச் சாயம் போலக் கறுத்தபோதும், தாதி சொன்ன நிறம்தானே என்று இருந்துவிட்டேன். ஒருநாள் காலை முற்றத்து வெளிச்சத்தில் அம்மாவின் கண்ணைப் பார்த்தேன். மஞ்சள்.

"இது செங்கமாரி, கீழ்க்காய்நெல்லி அரைச்சுக் குடுங்கோ" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. "இந்தக் குளிசை என்னைக் கொல்லப் போகுது பிள்ளை, இனித் தொடமாட்டன்" என்றார் அம்மா. அன்றைய குளிசையைக் கொடுக்காமல், முதல் பஸ்ஸிலேயே மன்னாருக்குக் கூட்டிப்போனேன்.

டொக்டர் எல்லா மருந்தையும் நிறுத்தி இரத்தம் சோதித்தார். பிறகு விளங்கப்படுத்தினார். விழுங்கும் மருந்தை மாற்றி வெளியேற்றுவது ஈரலின் வேலை. ஐசோனியசிட்டை மாற்றும்போது ஈரலையே தாக்கும் நச்சுப் பொருள்கள் இடையில் உண்டாகின்றன. சிலருக்குப் பிறவியிலேயே இந்த வேலை மெதுவாக நடக்கும். அவர்களுக்குப் பாதிப்பு வரும் வாய்ப்பு கூட. றிபாம்பிசின் சேரும்போது அது இன்னும் கூடலாம். பைரசினமைட்டும் ஈரலைத் தாக்கும். குடிப்பவர்கள், வயதானவர்கள், மெலிந்தவர்கள், முன்பே ஈரல் நோயுள்ளவர்கள் அதிகம் கவனமாக இருக்கவேண்டும். அம்மா ஒரு சொட்டும் குடித்தவரல்ல. ஆனால் வயது 60ஐத் தாண்டி, எலும்பும் தோலுமாக இருந்தார்.

"இன்றைக்கு நிறுத்தினது சரி. ஒரேயடியாக விட்டால் காசநோய் திரும்பும், பிறகு மருந்துக்கும் மசியாது" என்றார் டொக்டர். ஈரல் தேறியபின், இரத்தத்தைச் சோதித்துச் சோதித்து, ஒவ்வொரு மருந்தாகத் திரும்பத் தொடங்கினார்கள். பைரசினமைட்டை விட்டுவிட்டதால் காலம் 9 மாதமாக நீண்டது.

அம்மாவைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடு. கடைசியில் ஒரு நிபந்தனையோடு இசைந்தார். ஒவ்வொரு நாளும் குளிசைக்கு முன் முற்றத்துக்கு வந்து, "பிள்ளை, கண்ணைப் பார்" என்பார். பார்த்துச் சொன்ன பிறகே வாயில் போடுவார். அப்படியே கடைசிக் குளிசைவரை எடுத்து முடித்தார்.

சகோதரிகளே, உங்கள் வீட்டில் யாரும் இந்த மருந்து எடுத்தால், பசியின்மை, ஓங்காளம், கறுத்த சிறுநீர், மஞ்சள் கண் ஆகியவற்றை வெயிலின் மேல் போடாதீர்கள். கைமருந்தும் பனடோலும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். அன்றைக்கே கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள். நான் ஒரு வாரம் பிந்திவிட்டேன். நீங்கள் பிந்தவேண்டாம்.