கிடர்பூரின் கைக்கடிகாரக் கடைகள்

கல்கத்தாவில் வாழும் நம்மவர், ஊருக்குப் புறப்படுமுன் ஒருமுறையேனும் சென்று வரும் இடம் கிடர்பூர். கார்டன் ரீச்சிலுள்ள தென்கிழக்கு ரயில்வேத் தலைமை அலுவலகத்தில் பணிபுரியும் நமக்கு அது பக்கத்து ஊர். 1892-இல் திறக்கப்பெற்ற கப்பல் துறையே அதன் உயிர்நாடி. மாலுமிகள் கொணர்ந்த அயல்நாட்டுச் சரக்கு கரையேறி விலைபோன பழக்கத்தில் வளர்ந்ததே ஃபேன்சி மார்க்கெட். 1991-க்கு முன், இறக்குமதிக்குக் கடுங்கட்டுப்பாடு இருந்த நாள்களில், 'ஃபாரின் சாமான்' என்றாலே கிடர்பூர்தான்.

அங்கே கண்ணாடிப் பெட்டியில் நம் கண்ணை ஈர்ப்பது, முகப்பில் சிறு வட்டங்களும் பக்கத்தில் இரு பொத்தான்களும் கொண்ட 'குரோனோகிராஃப்' கடிகாரம். நேரத்தை எழுதுவது என்பது அப்பெயரின் பொருள். 1821-இல் பாரிஸ் குதிரைப் பந்தயத்தில் ரியூசெக் என்பார் அமைத்த கருவி, உண்மையாகவே முகப்பில் மைப்புள்ளி வைத்தது. கிடர்பூரை அடுத்த மைதானத்தில் கல்கத்தாப் பந்தயத்திடல் அமைந்ததும் அக்காலத்திலேயே என்பது சுவையான பொருத்தம்.

ரயில்வேக்காரருக்கும் இதில் உறவுண்டு. ஒரு கிலோமீட்டர்க் கல்லைக் கடக்கையில் பொத்தானை அழுத்தி, அடுத்த கல்லில் நிறுத்துக. 3600-ஐ அந்த விநாடிகளால் வகுத்தால் வண்டியின் வேகம். 45 விநாடியாயின் மணிக்கு 80 கிலோமீட்டர். விளிம்பில் பொறித்த அளவுகோல் இக்கணக்கைத் தானே சொல்லிவிடும்.

பழைய கடிகாரங்களைச் சேகரிப்போர் இவற்றுக்குப் பெருவிலை தருகின்றனர். நடிகர் பால் நியூமன் அணிந்த ரோலெக்ஸ் டேடோனா, 2017-இல் நியூயார்க் ஏலத்தில் 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு மேல் போயிற்று. விலையேறிய பொருளுக்குப் போலியும் பெருகுவது இயல்பே.

ஆகவே நண்பர்களே, மகளின் திருமணத்துக்கு மாப்பிள்ளைக் கடிகாரம் வாங்கச் செல்வோர் சிலவற்றைக் கருதுதல் நலம். மேற்பொத்தானை அழுத்தி ஓட்டி நிறுத்துக. கீழ்ப்பொத்தானை அழுத்தினால் முள் பன்னிரண்டில் நேராக வந்து நிற்கவேண்டும். சிறு வட்டங்கள் வெறும் கிழமையும் தேதியும் காட்டினால், அது குரோனோகிராஃப் வேடமிட்ட சாதாரணக் கடிகாரம். முகப்பு மட்டும் புத்தம்புதிதாய் மின்னினால், மறுவண்ணம் பூசியதோ என்று ஐயுறுக. பின்மூடியைத் திறந்து காட்டத் தயங்கும் கடையை விட்டு நகர்க.

எல்லாவற்றினும் முக்கியம் ரசீது. 1962-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 123-ஆம் பிரிவு தங்கத்தோடு கைக்கடிகாரத்தையும் பெயர் சொல்லிக் குறிக்கிறது. கடத்தற்பொருள் என்று நியாயமாக நம்பி அதிகாரிகள் கைப்பற்றினால், அன்று என மெய்ப்பிக்கும் பொறுப்பு வைத்திருந்தவருடையதே. விற்றவர் சந்தில் மறைந்துவிடுவார். பதில் சொல்ல நிற்பவர் நாமே. பல மாதச் சம்பளமும் குடும்ப மானமும் ஒரு துண்டுத் தாளில் அடங்கியுள்ளன.

சுவிஸ் பெயர்தான் வேண்டுமென்பதும் இல்லை. 1961-இல் பெங்களூரில் பிறந்த எச்.எம்.டி. கடிகாரம், எத்தனையோ நம் வீட்டு மணமக்களின் கையில் ஒழுங்காய் ஓடியது. கிடர்பூரைக் கண்ணாரக் காண்போம், விலை கேட்போம், பேரமும் பேசுவோம். ஆயின் மாப்பிள்ளை கையில் கட்டுவது, எவரிடமிருந்தும் மறைக்க வேண்டாத கடிகாரமாக இருக்கட்டும்.