வீட்டுக்கு வந்த நூலகம்

சிங்கப்பூரில் நூல்களை இரவல் பெறுவது எப்போதும் இலவசமாக இருந்ததில்லை. 1845ஆம் ஆண்டில் இங்குத் தொடங்கப்பட்ட ‘சிங்கப்பூர் நூலகம்’ சந்தா கட்டியவர்களுக்கே நூல்களை இரவல் தந்தது. 1874ஆம் ஆண்டில் அது ராஃபிள்ஸ் நூலகமாக மாறியது. அதன் பிறகும் இரவல் பெற விரும்பியவர்கள் பணம் கட்ட வேண்டியிருந்தது. அங்கிருந்த நூல்களில் பெரும்பாலானவை ஆங்கில நூல்கள். தமிழ், சீனம், மலாய் மட்டுமே படிக்கத் தெரிந்தவர்களுக்கு அந்த அலமாரிகளால் பெரிய பயன் இல்லை.

இந்த நிலையை மாற்றியது ஒரு கொடை. 1953ஆம் ஆண்டில், வணிகரும் கொடையாளருமான லீ கோங் சியான் புதிய நூலகம் கட்ட 375,000 வெள்ளி தர முன்வந்தார். வெறுமனே பணத்தைக் கொடுத்துவிட்டு அவர் ஒதுங்கவில்லை. நூலகம் அனைவருக்கும் இலவசமாக இருக்க வேண்டும். உள்ளூர் மக்களின் மொழிகளில் அமைந்த நூல்களுக்கும் அங்கு இடம் வேண்டும் என்று நிபந்தனை விதித்தார். 1960ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், ஸ்டாம்ஃபோர்ட் சாலையில் சிவப்புச் செங்கல் கட்டடமாக அந்த நூலகம் திறக்கப்பட்டது. இன்று ஒரு மாணவர் பணம் எதுவும் கட்டாமல் தமிழ் நூல் ஒன்றைக் கையில் எடுக்கிறார் என்றால், அதற்குப் பின்னால் அந்த இரண்டு நிபந்தனைகளும் இருக்கின்றன.

அந்த நூலகம் இப்போது வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. கொவிட்-19 கிருமிப்பரவலைத் தடுக்க, 2020ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் சிங்கப்பூரின் நூலகங்கள் மூடப்பட்டன. அந்த வாரங்களில் மாணவர்கள் வீட்டிலிருந்தே பாடம் படித்தனர். பெற்றோர் வீட்டிலிருந்தே வேலை பார்த்தனர். கட்டடங்களின் கதவுகள் அடைபட்டிருந்தாலும் நூலகத்தின் மின்னிலக்க அலமாரி அடைபடவில்லை. அது பல ஆண்டுகளாகவே இருந்து வந்ததுதான். ஆனால், வேறு வழி இல்லாதபோதுதான் பலர் முதன்முறையாக அதைத் திறந்து பார்த்தனர்.

அந்த அலமாரியில் என்னென்ன இருக்கின்றன? தேசிய நூலக வாரியத்தின் உறுப்பினர் எவரும் அதன் செயலி வழியாக மின்னூல்களையும் ஒலிநூல்களையும் இரவல் பெறலாம். அவற்றைப் படிக்கத் திறன்பேசியோ கைக்கணினியோ போதும். இரவல் காலம் 21 நாள்கள். அது முடிந்ததும் நூல் தானாகவே நூலகத்துக்குத் திரும்பிவிடும். திருப்பித் தர மறந்துவிட்டோமே என்ற கவலை இல்லை. தாமதக் கட்டணமும் இல்லை.

சில வேளைகளில் மின்னூலுக்கும் காத்திருக்க வேண்டியிருக்கும். இது பலருக்கு வியப்பாக இருக்கும். காகித நூலின் ஒரு படியை ஒரு நேரத்தில் ஒருவர்தான் இரவல் பெற முடியும். அதை ஒருவர் எடுத்துச் சென்றால் மற்றவர் காத்திருக்கத்தான் வேண்டும். மின்னூலை எத்தனை பேர் வேண்டுமானாலும் ஒரே நேரத்தில் படிக்கலாமே என்று தோன்றும். ஆனால், நூலகம் பல மின்னூல்களைப் பதிப்பகங்களிடமிருந்து உரிமம் பெற்றே வழங்குகிறது. பெரும்பாலும் ஓர் உரிமத்துக்கு ஒரு நேரத்தில் ஒரு வாசகர் என்பதே ஏற்பாடு. எழுதியவருக்கும் பதிப்பித்தவருக்கும் உரிய பங்கு சேர வேண்டும் அல்லவா? வாசகருக்கு இலவசமாகக் கிடைக்கும் நூலுக்கும் யாரோ பணம் கொடுத்திருக்கிறார்கள். பொதுமக்களின் வரிப்பணமும் அதில் அடங்கும்.

மின்னூல்களோடு இந்த அலமாரி முடிந்துவிடுவதில்லை. ‘நியூஸ்பேப்பர்எஸ்ஜி’ என்னும் இணையத்தளத்தில் சிங்கப்பூரின் பழைய நாளிதழ்கள் பக்கம் பக்கமாகச் சேர்த்து வைக்கப்பட்டுள்ளன. 1935ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தமிழ் முரசின் பழைய இதழ்களும் அவற்றுள் உண்டு. 1950களில் அந்நாளிதழ் ‘மாணவர் மணிமன்றம்’ என்ற பகுதியை நடத்தியது. அன்றைய மாணவர்கள் அதில் கதையும் கவிதையும் கட்டுரையும் எழுதினர். அவர்களுள் சிலர் பின்னாளில் இந்நாட்டின் பெயர்பெற்ற எழுத்தாளர்கள் ஆயினர். இன்றைய உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒருவர் தம் வயதில் இருந்தவர்கள் அப்போது எதைப் பற்றிக் கவலைப்பட்டார்கள், எதைக் கண்டு மகிழ்ந்தார்கள் என்பதைப் பழைய இதழ்களில் தேடிப் பார்க்கலாம்.

‘சிங்கப்பூர்த் தமிழ் மின்மரபுடைமைத் திட்டம்’ இன்னொரு செல்வம். சிங்கப்பூரின் பொன்விழா ஆண்டான 2015இல் இத்திட்டம் நிறைவு கண்டது. 1965 முதல் 2015 வரை சிங்கப்பூரில் எழுதப்பட்ட தமிழ் இலக்கிய நூல்களில் 300க்கும் மேற்பட்டவை மின்வடிவம் பெற்றன. கதை, கவிதை, நாடகம் எனப் பலவகை நூல்கள் அவற்றுள் உண்டு. கடைகளில் தேடினாலும் இன்று கிடைக்காத நூல்கள் பல. எழுத்துப் பிழைகளைத் திருத்தும் பணியில் தன்னார்வலர்கள் பலர் ஈடுபட்டனர். ஊர்கூடித் தேர் இழுத்ததைப் போன்ற வேலை அது.

எழுத்தில் இல்லாத வரலாறும் உண்டு. 1979ஆம் ஆண்டு முதல், சிங்கப்பூரில் வாழ்ந்தவர்களின் நினைவுகள் வாய்மொழி வரலாறாகப் பதிவு செய்யப்பட்டு வருகின்றன. தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத்தளத்தில் அவற்றுள் பலவற்றை வீட்டிலிருந்தே கேட்கலாம். தமிழில் பேசியவர்களின் குரல்களும் அங்கு இருக்கின்றன. புத்தகத்தில் படித்த போர்க்காலத்தை, அதில் வாழ்ந்த ஒருவரின் குரலில் கேட்பது வேறு வகையான பாடம்.

இவ்வளவும் இலவசம். இவ்வளவும் கைக்கெட்டிய தூரத்தில் இருக்கிறது. ஆனாலும், பல வீடுகளில் அந்த அலமாரி இன்னும் திறக்கப்படவே இல்லை. ஏன்?

அந்த அலமாரிக்கு இரண்டு பூட்டுகள் இருக்கின்றன. முதல் பூட்டு, கருவி. செயலியைப் பதிவிறக்கம் செய்ய வேண்டும், உறுப்பினர் கணக்கில் நுழைய வேண்டும், தேட வேண்டும். மூத்தோர் பலர் இந்தப் படிகளிலேயே தயங்கி நின்றுவிடுகின்றனர். இரண்டாம் பூட்டு, மொழி. கருவியைக் கண்ணிமைக்கும் நேரத்தில் திறந்துவிடும் இளையர் பலர், தமிழ் நூலின் முதல் பக்கத்திலேயே ஐந்தாறு சொற்களுக்குப் பொருள் தெரியாமல் அதை மூடிவிடுகின்றனர். ஒருவரிடம் ஒரு சாவி. மற்றவரிடம் மற்றொரு சாவி. இரண்டு பூட்டுகளும் திறந்தால்தான் அலமாரி திறக்கும்.

தோ பாயோவில் ஓர் அடுக்குமாடி வீட்டைக் கற்பனை செய்து பார்க்கலாம். அங்கே ஒரு பாட்டி இருக்கிறார். ஒரு காலத்தில் வார இதழ்களின் தொடர்கதைகளை விடாமல் படித்தவர். இப்போது முழங்கால் வலியால் நூலகம் வரை நடக்க முடிவதில்லை. சிறிய எழுத்துகள் கண்ணுக்குப் பிடிபடுவதுமில்லை. உயர்நிலை இரண்டில் படிக்கும் பேத்தி, பள்ளி ஒப்படைப்புக்காகச் சிங்கப்பூர்ச் சிறுகதைத் தொகுப்பு ஒன்றைக் கைக்கணினியில் திறக்கிறாள். பாதிப் பக்கம் படித்ததும் நின்றுவிடுகிறாள்.

“பாட்டி, ‘கித்தா’ என்றால் என்ன? அகராதியில் தேடினேன், கிடைக்கவில்லை.”

“ரப்பரைத்தான் அப்படிச் சொல்வோம், அம்மா. அது மலாய்க்காரர்களிடமிருந்து வந்த சொல். அகராதியில் எங்கே இருக்கப்போகிறது?”

“இங்கே ‘விடியுமுன் மரம் வெட்டப் போனாள்’ என்று இருக்கிறது. மரத்தை ஏன் வெட்டினார்கள்?”

பாட்டி சிரித்துவிடுகிறார். “மரத்தைச் சாய்ப்பதில்லை. பட்டையைச் சீவிப் பால் எடுப்பதைத்தான் ‘மரம் வெட்டுவது’ என்போம். என் அம்மாவும் அந்த வேலைதான் செய்தார். அந்தக் காலத்தில் செம்பவாங் பக்கம் ரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. வெயில் ஏறிவிட்டால் பால் குறைந்துவிடும். அதனால் இருட்டிலேயே கிளம்பிவிடுவார்.”

பேத்திக்கு அது புதிய செய்தி. தன் கொள்ளுப்பாட்டி என்ன வேலை செய்தார் என்று அவள் அதுவரை கேட்டதே இல்லை. இப்போது அவள் எழுத்துகளைப் பெரிதாக்கிக் கைக்கணினியைப் பாட்டியிடம் நீட்டுகிறாள். “நீங்களே படியுங்கள், பாட்டி. இந்த அளவு போதுமா?” பாட்டி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படிக்கத் தொடங்குகிறார்.

இது கற்பனை வீடுதான். ஆனால், இத்தகைய பாட்டிகளும் பேத்திகளும் எல்லா வட்டாரங்களிலும் இருக்கின்றனர். அந்த வீட்டில் நடந்ததைத் தனியாக எந்தச் செயலியாலும் செய்ய முடியாது. நூலகம் கதையைக் கொடுத்தது. கதையில் இருந்த சொல்லுக்கு உயிர் கொடுத்தவர் பாட்டி. பாட்டிக்குக் கதையைப் படிக்கும் அளவில் கொடுத்தவள் பேத்தி. மூவரில் ஒருவர் இல்லாவிட்டாலும் ‘கித்தா’ என்ற சொல் அந்த வீட்டில் மறைந்துபோயிருக்கும். கொள்ளுப்பாட்டியின் விடியற்காலைகளும் சேர்ந்தே மறைந்துபோயிருக்கும். மூத்தோர் என்றும் உடன் இருக்கப்போவதில்லை. அவர்களிடம் கேட்க வேண்டியதை அவர்கள் இருக்கும்போதே கேட்டாக வேண்டும்.

இதில் இடர்ப்பாடு இல்லாமல் இல்லை. நூல் இருக்கும் அதே திரையில்தான் விளையாட்டும் காணொளியும் இருக்கின்றன. காகித நூலைப் படிக்கும்போது அது இடையில் மணி அடித்து அழைப்பதில்லை. திறன்பேசியோ ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அழைக்கும். ஆகவே, படிக்கும் நேரத்தில் அறிவிப்புகளை நிறுத்தி வைப்பது நல்லது. ஒரே நாளில் பத்து நூல்களை இரவல் பெற்று எதையும் முடிக்காமல் விடுவதைவிட, ஒன்றை எடுத்து நாளுக்குச் சில பக்கங்கள் படிப்பது மேல். சிறு துளி பெருவெள்ளம். தமிழ் படிக்கச் சிரமப்படுவோர் ஒலிநூலைக் கேட்கலாம்; வீட்டில் ஒருவரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லியும் கேட்கலாம். காதில் பழகிய சொல் கண்ணுக்கும் விரைவில் பழகிவிடும்.

தொடங்குவதற்கு நீண்ட திட்டம் எதுவும் தேவையில்லை. வீட்டில் இருக்கும் மூத்தவர் ஒருவரிடம், “இளமையில் யாருடைய கதைகளை விரும்பிப் படித்தீர்கள்?” என்று கேட்டால் போதும். தாத்தாவோ பாட்டியோ பக்கத்து வீட்டு மாமாவோ, எவரும் ஒரு பெயரையாவது சொல்வார். அந்தப் பெயரை நூலகத்தின் தேடல் கட்டத்தில் தமிழில் தட்டச்சு செய்து பார்க்கலாம். நூல் கிடைத்தால் எழுத்துகளைப் பெரிதாக்கி அவரிடம் காட்டலாம். கிடைக்காவிட்டால், அந்தக் கதை எதைப் பற்றியது என்று அவரிடமே கேட்கலாம்.