மொட்டை மாடியில் ஒரு மணி நேரம்

வாரம் ஒருமுறை மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து, வீடியோவில் மனநல மருத்துவரிடம் பேசுகிறேன். ஏழு மாதமாகிறது.

"ஃபோன்ல பேசினா மனசு சரியாயிடுமாடா?" என்றார் அம்மா. கோபம் வரவில்லை. நாடி பிடித்துப் பார்ப்பவர்தான் வைத்தியர் என்று வளர்ந்தவர். ஆனால் ஆஸ்பத்திரி வரிசையில் தெரிந்த முகம் இருந்துவிடுமோ என்ற பயத்திலேயே நான் மூன்று வருடம் போகாமல் கிடந்தேன். திரை தந்தது அந்த மறைவைத்தான்.

எல்லாவற்றுக்கும் அது போதாது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் முற்றினால் பக்கத்தில் ஆள் வேண்டும். பேசத் தொடங்கவாவது, 2022 அக்டோபர் 10 அன்று ஆரம்பித்த டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 இருக்கிறது. தமிழிலேயே பேசலாம், இலவசம்.

போன வாரம் மாடிக் கதவைச் சாத்திவிட்டு, யாரும் ஏறி வராதபடி அம்மா படியில் உட்கார்ந்திருந்தார்.